நண்பன் கணக்கு நோட்டைக் கேட்டால் கொடுக்கலாமா?

பத்தாம் வகுப்பு நண்பன் தினமும் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதக் கேட்கிறான், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நோட்டைக் கொடுக்காதீர்கள், அவன் நோட்டை வாங்கிப் பாருங்கள். பாதியில் விட்ட கணக்காக இருந்தாலும் சரி, எந்த வரியில் சறுக்கினான் என்று தேடினால் கோளாறு பெரும்பாலும் எப்போதோ ஏழாவதில் கோட்டைவிட்ட விஷயத்தில்தான் இருக்கும். என் பக்கத்து பெஞ்ச்காரன் இருபடிச் சமன்பாடே வரவில்லை என்று புலம்புவான். பார்த்தால், 7 − (3 − 5) என்பதை 7 − 3 − 5 என்று எழுதி −1 என்று முடித்திருந்தான்! விதியைச் சொல்லாமல், அடைப்புக்குறிக்குள் இருப்பதை முதலில் போடு என்றேன். உள்ளே −2, ஆக 7 − (−2), விடை 9. தன் விடையும் இதுவும் ஏன் ஒத்துவரவில்லை என்று அவனே முழித்துவிட்டு, கழித்தல் குறி உள்ளே இருக்கும் 5-க்கும் சேரும் என்று பிடித்துக்கொண்டான்.

பேனா மட்டும் அவன் கையிலேயே இருக்கட்டும் (நமக்குத்தான் கை துறுதுறுக்கும்). அப்புறம் எண்களை மாற்றி இன்னொரு கணக்கு கொடுங்கள். சமூக அறிவியலுக்கு இவ்வளவு வேண்டாம், மாறி மாறிக் கேள்வி கேட்டுக்கொண்டாலே போதும்.