மீன் இருக்கிறது, தட்டான் புழுவைக் காணோம்: ஊருணி நீர் அறிக்கையை எப்படிப் படிப்பது?

கேள்வி: காரைக்குடி பக்கத்தில் எங்கள் ஊருணிக்கு வரத்துக்கால் வயல்களைத் தாண்டித்தான் வருகிறது. மழை விட்டதும் தண்ணீரைச் சோதித்தோம். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம், ‘குடிநீர் வரம்புக்குள்’ என்றது அறிக்கை. அடுத்த முறை ‘கண்டறியப்படவில்லை’. கெண்டை, கெளுத்தி நன்றாக இருக்கின்றன. தட்டான் புழுக்களைத்தான் காணோம். கவலையை விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். அறிக்கையில் தப்பில்லை, ஆனால் அது ஒப்பிட்டது மனிதருக்கான வரம்போடு. இந்தியக் குடிநீர்த் தரநிலையில் குளோர்பைரிபாஸுக்கு 30 மைக்ரோகிராம் வரை அனுமதி. நன்னீர் உயிர்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1986-இல் வைத்த குறுகிய கால வரம்போ 0.083. உங்கள் தண்ணீரில் அதைப்போல ஆறு மடங்கு.

இவ்வளவு சின்ன எண் எப்படி வருகிறது? ஒவ்வோர் உயிரினத்துக்கும், பாதிப் பேரைக் கொல்லும் செறிவைச் சோதனையில் கண்டுபிடிப்பார்கள். அவற்றை மடக்கை அளவில் வரிசைப்படுத்தி ஒரு பரவல் வளைவைப் பொருத்துவார்கள். மிக எளிதில் சாகும் 5 சதவீத இனங்கள் எந்தச் செறிவுக்குக் கீழே வருகின்றனவோ, அந்தப் புள்ளியே அடிப்படை. அமெரிக்க முறையில் அதையும் பாதியாக்குவார்கள், ஏனென்றால் பாதி செத்த அளவு பாதுகாப்பான அளவாகாது.

இங்கே ஒரு சிக்கல். குளோர்பைரிபாஸ் பூச்சிக்கொல்லி என்பதால் மீனைவிடப் பூச்சியும் இறாலும் மிகமிகக் குறைந்த அளவிலேயே சாகும். எல்லாவற்றையும் ஒரே வளைவில் போட்டால் இரண்டு மேடு தெரியும், பொருத்தம் கெடும். பூச்சி, இறால் போன்ற கணுக்காலிகளுக்குத் தனி வளைவு போடுவதே சரி. மீன் நீந்துவதை வைத்து ஊருணி நலம் என்று சொல்ல முடியாததும் இதனால்தான்.

அப்புறம், ‘கண்டறியப்படவில்லை’ என்றால் பூஜ்யம் அல்ல. கருவியின் கண்டறியும் எல்லை 0.1 என்றால் 0.09 இருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள். அதுவே 0.083 என்ற வரம்பைத் தாண்டியது! அந்த எல்லையை ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள். சராசரி எடுக்கும்போது அந்த இடத்தில் பூஜ்யமோ பாதி எல்லையோ போடாமல், ‘இதற்குக் கீழே’ என்றே வைத்துக் கணக்கிடும் கப்லான்-மையர் போன்ற முறையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அதற்கு இரண்டு மாதிரி போதாது. ஐப்பசி மழையில் வரத்துக்கால் வாயிலும் நடு ஊருணியிலும், முதல் தண்ணீர் வந்த அன்றும் அடுத்த சில நாட்களும் எடுங்கள்.

தூர் வாரியதாலோ புதிதாக மீன் விட்டதாலோகூடத் தட்டான் புழு குறையலாம். அதனால் வயல் நீர் சேராத பக்கத்து ஊருணியிலும் அதே நாட்களில் வலை போட்டு எண்ணிப் பாருங்கள்.