வாசகர் கேள்வி பதில்: மாசி போடாத சூப்பும் முள்ளங்கிப் பிள்ளையாரும்

போன இதழில் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மாமியுமாக ஜப்பானுக்குப் போய் வந்த கதையை ஒரு பக்கத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியவை, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் தொடுவதில்லை. ஜப்பானில் பத்து நாளும் பாணும் வாழைப்பழமும்தானா? (வாசகி, உப்புவெளி)

இல்லை அக்கா, நன்றாகவே சாப்பிடலாம். ஆனால் ஒரு விஷயத்தை இங்கேயே விளங்கிக்கொண்டு போக வேண்டும். நம்மூரில் சம்பலுக்கும் கறிக்கும் மாசிக் கருவாடு போடுவார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதேதான் அங்கே கட்சுவோபுஷி. சூரை மீனை அவித்து, புகை போட்டு, மரக்கட்டை மாதிரிக் காயவைத்து, மெல்லிசாகச் சீவிக் கொதிநீரில் போட்டுச் சாறு எடுக்கிறார்கள். அந்தச் சாற்றுக்குத் தாஷி என்று பெயர். சூப், நூடுல்ஸ், அவித்த மரக்கறி, தொட்டுக்கொள்ளும் சோஸ் என்று எல்லாவற்றிலும் அது இருக்கும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. மரக்கறி மட்டும் வேண்டும் என்று கேட்டால் அவர்களும் மனசார மரக்கறி மட்டும் போட்டுத்தான் தருவார்கள், சாற்றை யாரும் மீன் என்று நினைப்பதில்லை.

இது எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. கியோட்டோவில் ஒரு சின்ன நூடுல்ஸ் கடையில் சைவம் என்று சொல்லி வாங்கி, மாமி பாதிக் கிண்ணம் குடித்த பிறகு மகன் ஃபோனில் மொழிபெயர்த்துக் கேட்டான், உள்ளே மீன் சாறு. கடைக்கார அம்மா வெளியே வந்து குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் ஒரு பிழையும் இல்லை, சரியாகக் கேட்காதது நான். மாமி கிண்ணத்தை வைத்துவிட்டு அன்றிரவு ஒன்றும் சாப்பிடவில்லை, அது எனக்கு இன்றைக்கும் மனசில் கிடக்கிறது. அன்றைக்கே ஒரு அட்டையில் 'இறைச்சி, மீன், இறால், முட்டை வேண்டாம், மீன் தாஷியும் வேண்டாம், கடற்பாசித் தாஷி என்றால் சரி' என்று ஜப்பானிய மொழியில் எழுதி வாங்கிக்கொண்டோம். கடைசி வரியைக் கட்டாயம் போடுங்கள், அதைப் பார்த்ததும்தான் சமையல்காரருக்கு எதை வைத்துச் சமைக்கலாம் என்று பிடிபடுகிறது.

இனி நல்ல செய்தி. ஷோஜின் ரியோரி என்று புத்த பிக்குமாரின் சாப்பாடு ஒன்று இருக்கிறது. இறைச்சி இல்லை, மீன் இல்லை, வெங்காயம் உள்ளியும் இல்லை, நம்முடைய விரதச் சாப்பாடு என்றே சொல்லலாம். சாறு கடற்பாசியிலும் காய்ந்த காளானிலும் எடுக்கிறார்கள். இதைச் சாப்பிடவென்றே கோயாசான் மலைக்குப் போய் ஒரு இரவு கோயிலிலேயே தங்குங்கள். ஒசாக்காவில் நம்பா நிலையத்திலிருந்து ரயில், பிறகு கேபிள் கார், பிறகு பஸ் என்று இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். ஐம்பது கோயில்களுக்கு மேல் அங்கே தங்க இடம் கொடுக்கின்றன. இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடும். எள்ளை அரைத்துக் கிழங்கு மாவில் கிண்டிய எள்ளுத் தோஃபு, பனியில் உறையவைத்துக் காயவைத்த தோஃபு (சோயாப் பால் கட்டி), மெல்லிய மாவில் தோய்த்துப் பொரித்த மரக்கறி, சோறு, ஊறுகாய். ஒரு கேள்வியும் கேட்காமல் மாமி முழுதாகச் சாப்பிட்டது அங்கேதான்.

டோக்கியோ ரயில் நிலையத்துக்குள்ளேயே டீஸ் டான்டான் என்று ஒரு நூடுல்ஸ் கடை இருக்கிறது, முழுக்கத் தாவரச் சாப்பாடு, எள்ளுச் சாற்றில் ராமென். டிக்கெட் வாயிலுக்கு உள்ளே இருப்பதால் ரயிலிலிருந்து இறங்கும்போதோ ரயிலில் ஏறும்போதோ போவது வசதி. டோக்கியோவில் இந்தியர்கள் நிறையப் பேர் இருக்கும் நிஷிக்கசாய் பக்கம் போனால் நம் நாக்குக்குப் பழகிய சாப்பாடும் கிடைக்கும். பாண் வாங்கும்போதும் கவனம், பன்றிக் கொழுப்புச் சேர்ந்தவை உண்டு. இங்கிருந்து பருப்புப் பொடியும் போத்தல் ஊறுகாயும் கொண்டுபோங்கள், பச்சைப் பழமும் கறிவேப்பிலையும் வேண்டாம், விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

அங்கே இருப்பதெல்லாம் புத்த கோயில். நமக்குக் கும்பிட என்ன இருக்கிறது? (வாசகர், நிலாவெளி)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். போவதற்கு முன் நானும் இப்படித்தான் நினைத்தேன்.

டோக்கியோவில் எல்லோரும் போவது அசாக்குசாவிலுள்ள சென்சோஜிக்கு. பெரிய சிவப்பு விளக்குக் கூடு தொங்கும் வாசல், கூட்டம், சாம்பிராணிப் புகை. அங்கிருந்து சுமிதா ஆற்றுப் பக்கமாகக் கொஞ்ச நேரம் நடந்தால் ஒரு சின்ன மேட்டில் மட்சுச்சியாமா ஷோடென் என்று ஒரு கோயில். உள்ளே இருப்பவர் காங்கிதென், வேறு யாருமில்லை, நம் பிள்ளையார்! மூலவரை யாருக்கும் காட்டுவதில்லை. நாம் அறுகம்புல் வைக்கிற மாதிரி அங்கே முள்ளங்கி வைக்கிறார்கள். கோயிலிலேயே முள்ளங்கி விற்கிறார்கள், சுற்றிவரக் கல்லிலும் மரத்திலும் முள்ளங்கிச் சின்னம்தான். பிள்ளையார் என்று நான் சொன்னதும் மாமி அங்கேயே தலையில் குட்டித் தோப்புக்கரணம் போட்டார், பக்கத்தில் நின்ற ஒரு ஜப்பானியக் கிழவி அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கைகூப்பினார்.

அப்புறம் கியோட்டோவில் சன்ஜூசன்கென்டோ. நூற்றியிருபது மீற்றர் நீள மர மண்டபம், உள்ளே வரிசை வரிசையாகக் கன்னோன் என்ற கருணைத் தெய்வத்தின் ஆயிரத்தொரு சிலைகள், இப்போது நிற்கும் கட்டடம் 1266இல் கட்டியது. அந்த ஆயிரத்தொன்றைப் பார்த்து மலைத்துப் போய் முன் வரிசையை விட்டுவிடாதீர்கள். அங்கே நிற்கும் இருபத்தெட்டுக் காவல் தெய்வங்களில் இந்திரன், பிரமன், இலக்குமி, கருடன் எல்லோரும் இருக்கிறார்கள். கருடன் மூக்கோடும் இறக்கையோடும் புல்லாங்குழல் ஊதிக்கொண்டு நிற்கிறார். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், நிதானமாகப் பாருங்கள். சரஸ்வதி அங்கே பென்சைதென், கையில் வீணைக்குப் பதில் பீவா என்ற நரம்பு வாத்தியம். கோயாசானில் நாங்கள் பார்த்த அதிகாலைப் பூசையில் நெருப்பு வளர்த்து நெய்க்குப் பதில் எண்ணெய் விட்டார்கள், அதற்குப் பெயர் கோமா. ஹோமம் என்ற சொல்தான் அப்படி மாறியிருக்கிறது. நாராவிலே தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 752இல் கண் திறந்துவைத்தவர் போதிசேனர் என்ற இந்தியப் பிக்கு. நாம் சிலைக்குக் கண் திறப்பது போலவே அவர்களும் செய்திருக்கிறார்கள், இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பதினைந்து மீற்றர் சிலைக்கு முன்னால் நின்றால் அந்நியமாகவே இருக்காது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். தோரி என்ற கம்ப வாசல் இருந்தால் அது ஜப்பானின் சொந்தச் சமயமான ஷின்டோவின் கோயில், அங்கே இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி குனிவார்கள். புத்த கோயிலில் கைதட்டக் கூடாது, கைகூப்பினால் போதும்.

மாமியாருக்கு முழங்கால் வலி, கூட்டிக்கொண்டு போகலாமா? (வாசகி, மூதூர்)

போகலாம், ஆனால் நாளுக்கு இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம். கோணேசர் மலை ஏறி இறங்குகிறவர் கியோட்டோவின் கியோமிசுதெரா கோயில் ஏற்றத்தையும் ஏறிவிடுவார், மெதுவாகப் போனால் சரி. அதே ஊரின் புஷிமி இனாரி என்ற ஷின்டோ கோயிலில் ஆயிரக்கணக்கான சிவப்புத் தோரிகள் மலை உச்சிவரை போகின்றன, முதல் கால் மணி நேரத்திலேயே அழகு முழுதும் கிடைத்துவிடுகிறது, அதோடு திரும்புங்கள். பெட்டிகளை நீங்கள் இழுக்கவே வேண்டாம். ஹோட்டலில் கொடுத்தால் அடுத்த ஊர் ஹோட்டலுக்குப் பெரும்பாலும் மறுநாள் வந்துவிடும், தக்கியூபின் என்று கேளுங்கள். இதற்குக் கொடுத்த காசுபோல் பயனுள்ள காசு நாங்கள் வேறு எதற்கும் கொடுக்கவில்லை.

ரயில் பாஸ் எடுக்கலாமா? கடைகளில் என்ன வாங்கலாம்? (வாசகர், கிண்ணியா)

பாஸ் முன்பு நல்ல லாபம். 2023 ஒக்டோபரில் ஏழு நாள் பாஸை 29,650 யென்னிலிருந்து 50,000க்கு ஏற்றிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு வேக ரயிலில் ஒரு வழிக்கு ஏறக்குறைய 14,000தான், அதனால் டோக்கியோ, கியோட்டோ, நாரா மட்டும் என்றால் தனித்தனி டிக்கெட்டே மலிவு. பன்னிரண்டு வயதுக்குக் கீழே பாதிக் கட்டணம்.

கடை என்றால் பிள்ளைகளை நூறு யென் கடைக்குள் விட்டுவிடுங்கள், வரியோடு ஒரு சாமான் 110 யென். சென்சோஜிக்கு முன்னால் உள்ள நாக்கமிசே தெருவில் அரிசி மாவுக்குள் சிவப்புப் பயற்றை இனிப்பாக வைத்த மோச்சி கிடைக்கும், நம் மோதகத்தின் தங்கச்சி. பக்கத்தில் பொம்மை வடிவில் சுடும் பணியாரத்தில் முட்டை உண்டு. ஆனால் நீங்கள் வாங்கவேண்டியது கோஷுயின் கொப்பி. ஒவ்வொரு கோயிலிலும் அதில் தூரிகையால் கோயில் பெயரும் தேதியும் எழுதி, சிவப்பு முத்திரை குத்தித் தருவார்கள், பெரும்பாலும் 300 முதல் 500 யென். என் மகள் தன் கொப்பியைச் சாமி அறையில் வைத்திருக்கிறாள்.

'யப்பான்காரன் குண்டு போட்டவன்' என்று எங்கள் அம்மம்மா இன்னும் சொல்கிறார். அங்கே போவது அவருக்குப் பிடிக்கவில்லை. (வாசகி, திருகோணமலை நகரம்)

அம்மம்மா சொல்வது உண்மை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் விழுந்த குண்டுகளை இந்த ஊரில் நினைவில் வைத்திருப்பவர்கள் இப்போது சில பேர்தான். அவரோடு வாதாட வேண்டாம், அருகில் இருந்து முழுக்கக் கேட்டு, எழுதி வையுங்கள். பிறகு போய் வாருங்கள். முடிந்தால் ஹிரோஷிமாவுக்கும் போய், பார்த்ததை அவரிடம் வந்து சொல்லுங்கள்.

டோக்கியோவில் ஒரே ஒரு நாள்தான் மிச்சம் என்றால் எங்கே போவீர்கள்? (வாசகர், தம்பலகாமம்)

கமக்கூரா. அங்கே வெண்கலப் புத்தர் திறந்தவெளியில் இருக்கிறார், பீடத்தோடு பதின்மூன்று மீற்றருக்கு மேல். ஒரு காலத்தில் அவரைச் சுற்றி மண்டபம் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த சுனாமி அதை அடித்துக்கொண்டு போனது என்று சொல்கிறார்கள். அதற்குப் பிறகு மண்டபம் கட்டவே இல்லை, ஐந்நூறு வருடமாக மழையிலும் வெயிலிலும் அப்படியே இருக்கிறார். மாமி 2004 மார்கழியில் கடற்கரைப் பக்கம் இருந்தவர், அந்த வீடு இப்போது இல்லை. நான் இந்தக் கதையைச் சொன்னதும் அவர் ஒன்றும் பேசாமல் ஒரு வாங்கில் போய் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளும் சத்தம் போடவில்லை. டோக்கியோவிலிருந்து கமக்கூராவுக்கு ஒரு மணி நேர ரயில், அங்கிருந்து எனோதென் என்ற சின்ன ரயிலில் மூன்றாவது நிறுத்தம் ஹாசே. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.