சைரன் எந்தப் பக்கம்? பெங்களூர் நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஜே.சி. ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் ஆம்புலன்ஸ்களுக்கு சைரனும், கூரையில் மின்னும் விளக்கு வரிசையான லைட் பாரும் பொருத்துவதுதான் பத்தொன்பது வருடமாக என் வேலை. சில்க் போர்டு நெரிசலில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்வதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நம் ஆட்கள் நிறையக் கேள்வி கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

மடிவாளாவிலிருந்து, ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும் ஒரு சகோதரி: சத்தம் நன்றாகக் கேட்கிறது அண்ணா. ஆனால் முன்னாலா பின்னாலா என்று தெரியவில்லை. என் காதில் ஏதும் கோளாறா?

இல்லைம்மா, எல்லோருக்கும் அப்படித்தான். சத்தம் ஒரு காதுக்கு முந்தியும் மறு காதுக்குப் பிந்தியும் வருவதை வைத்துத்தான் மூளை இடது வலது சொல்கிறது. நேர் முன்னாலோ நேர் பின்னாலோ இருந்து வந்தால் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடும். அப்போது காது மடலின் மடிப்புகள் சத்தத்தில் செய்யும் சின்ன மாற்றம்தான் துணை. ஹெல்மெட் அதையும் மூடிவிடுகிறது. போதாததற்கு மேம்பாலத் தூண், கட்டடம் எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பி நாலு பக்கமிருந்தும் சத்தம் வரும். மேக்ரி சர்க்கிள் சுரங்கப்பாதைக்குள் எனக்கே திசை பிடிபடுவதில்லை. அதனால் காதை நம்பாமல் உடனே கண்ணாடியைப் பாருங்கள். தலையை லேசாகத் திருப்பினாலும் கொஞ்சம் தெளிவாகும்.

கே.ஆர். புரத்திலிருந்து ஒருவர்: காரில் போகும்போது ஆம்புலன்ஸ் முதுகுக்குப் பின்னால் வந்த பிறகுதான் கேட்கிறது. சைரன் சத்தத்தைக் கூட்டக் கூடாதா?

இதற்குக் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும். 100 வாட் சைரன் ஒன்று 3 மீட்டர் தூரத்தில் சுமார் 120 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) தரும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். 6, 12, 24, 48, 96 என்று ஐந்து முறை இரட்டிப்பானால் 30 டெசிபல் போய், 96 மீட்டரில் 90தான் மிச்சம். ஏற்றிய கண்ணாடி அதில் இன்னும் 20, 30 டெசிபலைத் தின்றுவிடும். உள்ளே வருவது 60, 70. ஏசியும் பாட்டும் ஓடினால் அதே அளவு சத்தம் உள்ளேயே இருக்கிறது. ஆம்புலன்ஸ் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அந்த 96 மீட்டரைக் கடக்க ஆறே விநாடி. உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான்.

சத்தத்தைக் கூட்டினால் அடி வாங்குவது உள்ளே இருப்பவர்கள். ஒரு வண்டியில் ஸ்பீக்கரை டிரைவர் தலைக்கு நேர் மேலே கூரையில் வைக்கச் சொன்னார்கள், வைத்துக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து அந்த டிரைவர் வந்து, வீட்டுக்குப் போனாலும் காதில் 'ங்ங்' என்ற சத்தம் நிற்கவில்லை என்றார். அன்றிலிருந்து முன் பம்பர் பக்கம்தான் பொருத்துகிறேன். அங்கே இருந்தால் சத்தம் முன்னால் போகும் வண்டிகளைப் பார்த்துப் போகும், டிரைவர் காதும் தப்பிக்கும்.

அல்சூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சிக்னல் வந்ததும் ஏன் சத்தம் மாறுகிறது?

டிரைவர் மாற்றுகிறார் தம்பி. நீளமாக ஏறி இறங்குவது நேர்ச் சாலைக்கு. படபடவென்று வேகமாக ஏறி இறங்குவது சந்திப்புக்கு. ஒரே சத்தம் தொடர்ந்தால் காது பழகிவிடும், மாறினால்தான் மனம் திரும்பும். வண்டி உங்களைத் தாண்டிய நொடியில் சுருதி சட்டென்று இறங்குகிறதே, அது டிரைவர் செய்வதல்ல, டாப்ளர் விளைவு; வண்டி நெருங்கும்போது சத்த அலைகள் நெருக்கமாகவும், விலகும்போது இடைவெளி விட்டும் வருவதுதான் அது. 60 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கும்போது சுருதி 5 சதவீதம் கூடும், விலகும்போது அதே அளவு குறையும்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து: சிவப்பு விளக்கு போதாதா, நீலம் எதற்கு?

ராத்திரி எட்டு மணிக்கு ஓசூர் ரோட்டைப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பிரேக் விளக்குகளின் சிவப்பு. அதற்குள் இன்னொரு சிவப்பு எப்படித் தெரியும்? இருட்டில் நம் கண் சிவப்பைவிட நீலத்தை நன்றாகப் பிடிக்கும். நல்ல வெயிலில் நீலம் மங்கிப்போகும், அங்கே சிவப்பு கைகொடுக்கும்.

பழைய வண்டிகளில் பல்பு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். சின்ன மோட்டார் ஒன்று அதைச் சுற்றிக் கண்ணாடியைச் சுழற்றும், நமக்கு மின்னுவதாகத் தெரியும். இப்போது எல்லாம் எல்.ஈ.டி. தேயும் பாகம் இல்லை, பேட்டரிக்கும் பாரம் குறைவு. ஆனால் கண்ணைப் பறிக்கிற அளவுக்குப் பிரகாசமாகக் கேட்கிறார்கள். எதிரே வருபவருக்கு ராத்திரியில் ரோடே தெரியாமல் போய்விடும். இரவில் வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி இல்லாத லைட் பாரை நான் பொருத்துவதில்லை.

இந்திராநகரிலிருந்து: என் சொந்தக் காருக்குச் சைரன் போட முடியுமா?

முடியாது சார். 1-5-2017 முதல் மந்திரிகளின் கார்களிலிருந்தே சிவப்பு விளக்கு போய்விட்டது. தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஆஸ்டின் டவுனிலிருந்து: வழி விடாவிட்டால் என்ன தண்டனை?

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 194ஈ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. ஆனால் பயந்துபோய்ச் சட்டென்று பிரேக் போடாதீர்கள். இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள். அப்புறம், அது போன பாதையிலேயே பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆம்புலன்ஸ் எந்த நொடியும் பிரேக் போடும்.

மர்பி டவுனிலிருந்து ஒரு அம்மா: உள்ளே யாரும் இல்லாமலே சைரன் போட்டு ஓட்டுகிறார்களே?

அந்தக் காலி வண்டி யாரையோ ஏற்றத்தான் போய்க்கொண்டிருக்கும் அம்மா. மூச்சு நின்றவர் வீட்டில் தரையில் படுத்திருப்பார். அங்கே வண்டி போய்ச் சேருவதுதான் முதல் அவசரம். அதேபோல, விளக்கு மட்டும் எரிய, சத்தமில்லாமல் வந்தாலும் வழி விடுங்கள். உள்ளே நோயாளி பதறுகிறார் என்று டிரைவர் சைரனை நிறுத்தியிருக்கலாம்.