டி புருய்னின் காயங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ஏழெட்டுப் பேர் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இங்கிலாந்துக் கால்பந்து அணி மான்செஸ்டர் சிட்டியின் ரசிகர்கள். பெல்ஜியத்துக்காரர் கெவின் டி புருய்ன் அங்கிருந்து நாப்போலிக்குப் போன பிறகு அவருக்காகவே இத்தாலி லீக்கையும் பார்க்க ஆரம்பித்தோம். 2025 அக்டோபரில் இன்டர் மிலனுக்கு எதிராகப் பெனால்டி அடித்த கையோடு தொடையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றதைப் பார்த்ததிலிருந்து எங்களுக்குள் ஓயாத சண்டை. ஒருத்தன், "கண்ணாடி உடம்பு. பெரிய மேட்ச் வந்தால் உடைந்துவிடுவார். இவரைப் போய் குரோஷியாவின் மோட்ரிச் பக்கத்தில் வைக்காதே" என்கிறான். இன்னொருத்தன், "காயம் மட்டும் இல்லையென்றால் இவரை அடிக்க ஆளே கிடையாது" என்கிறான். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. பதில் சொல்லவும் வரவில்லை.

நானும் மிட்ஃபீல்டில் ஆடியவன்தான். அரசரடி மைதானத்தில் ஒரு மேட்சில் முட்டி திருகிக்கொண்டது. அதோடு சரி. இப்போது சாயங்காலம் எங்கள் தெருப் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு ஆட்டக்காரனை மதிப்பிடும்போது காயத்தால் ஆடாமல் போன நாட்களை எப்படிக் கணக்கில் எடுப்பது? பெயர் போட வேண்டாம் அண்ணே.

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நண்பர்கள் இருவரும் டி புருய்ன் ஆடாத ஆட்டங்களைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள். ஒருவர் அந்த ஆட்டங்களை அவர் தலையில் குற்றமாகக் கட்டுகிறார். இன்னொருவர் அவற்றில் யாரும் அடிக்காத கோல்களை அடித்து வைக்கிறார். அவர் ஆடியதைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. நமக்கு அதுதானே கையில் இருக்கிறது.

"பெரிய மேட்ச் வந்தால் உடைந்துவிடுவார்" என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் இரண்டில் அவர் பாதியிலேயே வெளியேறினார், உண்மைதான். 2021இல் போர்ட்டோ நகரில் செல்சியின் ரூடிகர் மோதியதில் மூக்கெலும்பும் இடது கண்குழி எலும்பும் முறிந்தன. முகத்தில் இன்னொருவர் மோதி எலும்பு முறிந்ததற்கு யாருடைய உடம்பையும் கண்ணாடி என்று சொல்வது நியாயமில்லை. அது ஊரடங்கு நேரம். நள்ளிரவில் அவரவர் வீட்டில் தனியாகப் பார்த்தோம். அழுதுகொண்டே அவர் வெளியே போனது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. 2023இல் இஸ்தான்புல், இன்டருக்கு எதிராக. 36ஆவது நிமிடத்தில் தொடைத்தசை. ஆனால் அந்த இறுதியாட்டத்துக்கு சிட்டி எப்படி வந்தது? அரையிறுதியின் முதல் ஆட்டத்தில், ரியால் மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில், பின்தங்கியிருந்த அணியை 1-1 என்று கொண்டுவந்த கோல் யாருடையது? 2021 அரையிறுதியில் பாரிஸில் சமன் செய்த கோலும் அவருடையதுதான். 2018 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரேசிலை பெல்ஜியம் 2-1 என்று வென்றதே, அதில் இரண்டாவது கோல் அவர் அடித்தது. பெரிய மேட்ச் என்றால் கோப்பை கொடுக்கிற ராத்திரி மட்டும் இல்லையே.

அவருடைய ஆட்டங்களில் ஒன்றே ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் 2021 ஜூன் 17ஐக் காட்டுவேன். கோபன்ஹேகன், யூரோ போட்டி, டென்மார்க்குக்கு எதிராக. அதே மைதானத்தில் ஐந்து நாளுக்கு முன்னால்தான் டென்மார்க்கின் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்திருந்தார். அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் மைதானத்தில் இருந்த யாரும் அந்த அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை. அவருடைய எண் 10 என்பதால் பத்தாவது நிமிடத்தில் இரண்டு அணிகளும் ஆட்டத்தை நிறுத்திக் கைதட்டின. டென்மார்க் இரண்டாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. முதல் பாதி முழுக்க பெல்ஜியம் மூச்சுத் திணறியது. டி புருய்னுக்கு முகம் உடைந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. இடைவேளைக்குப் பிறகு இறக்கினார்கள்.

54ஆவது நிமிடம். பெனால்டி பெட்டிக்குள் லுகாகு கொடுத்த பந்து அவர் காலுக்கு வருகிறது. எதிரே கோல்கம்பம். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அடிப்பார்கள். இவரும் அடிக்கப்போவது போலக் காட்டினார். அதை நம்பி டிஃபென்டர்கள் சரிந்துவிட்டார்கள். இவர் பந்தைப் பக்கத்தில் தள்ளிவிட்டார். தோர்கன் ஹசார்டுக்கு முன்னால் கோல் திறந்து கிடந்தது. அப்புறம் 70ஆவது நிமிடத்தில் பெட்டிக்கு வெளியிலிருந்து இடது காலால் ஒரு அடி, 2-1. அடித்துவிட்டு அவர் துள்ளவில்லை. எரிக்சனை நினைத்துக் கையை லேசாக உயர்த்தியதோடு சரி. அடுத்த சுற்றில் போர்ச்சுகலுக்கு எதிராகக் கணுக்காலில் தசைநார் கிழிந்தது. அந்தக் காலோடுதான் இத்தாலிக்கு எதிரான காலிறுதியில் ஆடினார். பெல்ஜியம் 2-1 என்று தோற்றது. இவரையா கண்ணாடி என்பது?

சரி, இரண்டாவது நண்பருக்கு வருகிறேன். காயம் மட்டும் இல்லையென்றால் என்கிறார். அவர் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தொடைத்தசை ஏன் கிழிகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஹாம்ஸ்ட்ரிங் என்பது தொடையின் பின்பக்கத்துத் தசைகள். முழு வேகத்தில் ஓடும்போது முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி முன்னால் வீசி எறியப்படுகிறது. பாதம் தரையைத் தொடுவதற்குள் அந்த வீச்சைப் பிடித்து நிறுத்துவது இந்தத் தசைகளின் வேலை. இறக்கத்தில் வண்டிமாட்டின் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறவனின் கையைப் போல, நீண்டுகொண்டே இறுக்கவும் வேண்டும். பெரும்பாலும் அந்த நொடியில்தான் கிழிகிறது. பந்தை ஓங்கி அடிக்கும்போதும் இதேதான். கால் முன்னால் பறக்கும், பின்தசை அதைப் பிடித்து நிறுத்தும்.

இப்போது அவருடைய கிராஸை, பக்கவாட்டிலிருந்து கோலுக்கு முன்னால் அனுப்புகிற பந்தை, நினைத்துப் பாருங்கள். வலப்பக்கம், பெட்டியின் மூலைக்குச் சற்று வெளியே நிற்பார். பந்தை நிறுத்த மாட்டார். உருண்டு வருவதை அப்படியே வலது காலால் அறுத்து அனுப்புவார். கோல்கீப்பர் வெளியே வந்து எடுக்க முடியாத தூரம், டிஃபென்டர் ஓடிக்கொண்டே திரும்பித் தடுக்க முடியாத வேகம். இருவருக்கும் நடுவில் உள்ள சந்தில் பந்து வளைந்து போகும். சிட்டியில் கோல் அடிக்கிற அகுவேரோவோ ஹாலந்தோ காலை நீட்டினால் போதும். அந்தப் பந்துக்கு உயிரே வேகம்தான். அரை வேகத்தில் அனுப்பினால் அது எவரும் தடுக்கக்கூடிய சாதாரண கிராஸ். அவர் முகத்திலும் முட்டியிலும் பட்ட காயங்கள் வேறு கதை. ஆனால் தொடைத்தசையைப் பொறுத்தவரை, காயமே படாத டி புருய்ன் வேண்டும் என்றால் காலை அடக்கி அடிக்கிற டி புருய்னைத்தான் கேட்கிறோம். அப்படி ஒருவருக்காக நீங்கள் ஏழெட்டுப் பேர் நள்ளிரவில் கண் விழித்திருக்க மாட்டீர்கள்.

தொடைத்தசை முன்பு கிழிந்தவருக்கு மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம், வயது ஏறினால் இன்னும் அதிகம். 2022-23 பருவத்தில் சிட்டி மட்டும் 61 ஆட்டங்கள் ஆடியது, நடுவில் கத்தார் உலகக் கோப்பை வேறு. இஸ்தான்புல்லில் கிழிந்த இரண்டே மாதத்தில், புதிய பருவத்தின் முதல் லீக் ஆட்டத்தில் பர்ன்லிக்கு எதிராக 23ஆவது நிமிடத்தில் மறுபடியும். அறுவைச் சிகிச்சை, ஐந்து மாத ஓய்வு. ஆட்ட அட்டவணை போடுகிறவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

அந்த ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்ததைச் சொல்லாமல் விட மாட்டேன். 2024 ஜனவரி 13, நமக்குப் போகிக்கு முந்தைய ராத்திரி. மாட்டுத்தாவணியில் ஊருக்குப் போகிற கூட்டம் நெரிந்தது. டீக்கடை பெஞ்சில் இரண்டு கல்லூரிப் பையன்கள் போனில் நியூகாசில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். சிட்டி 2-1 என்று பின்னால் இருந்தது. 69ஆவது நிமிடத்தில் டி புருய்ன் இறங்கினார். ஐந்தே நிமிடத்தில் தரையோடு ஒரு அடி, சமன். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், டிஃபென்டர்கள் தலைக்கு மேலே ஆஸ்கர் பாப்புக்கு ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார். பந்து இறங்குவதற்கு முன்னாலேயே போன் வைத்திருந்த பையன் "கோலு" என்று கத்திவிட்டான். பாப் கோல்கீப்பரைச் சுற்றிப் போய்ப் போட்டார். டீ மாஸ்டர், "என்னப்பா, யாரு ஜெயிச்சா?" என்று கேட்டார். "டி புருய்ன்ணே" என்றான் அவன்.

ஓட்டம் குறைந்த பிறகு வந்த டி புருய்ன் அவர். அந்தப் பருவத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 18 ஆட்டங்கள்தான் ஆடினார், அதிலேயே 10 அசிஸ்ட், அதாவது அவர் கொடுத்த பாஸில் மற்றவர் அடித்த கோல். 2019-20இல் 20 அசிஸ்ட் கொடுத்து பிரான்ஸின் தியரி ஆன்ரியின் சாதனையைச் சமன் செய்தவர்தான் என்றாலும், எனக்கு இந்தப் பத்து அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. எங்கே ஓட வேண்டாம், எப்போது ஓட வேண்டும் என்று தெரிந்துகொண்டவரின் ஆட்டம் அது. காயம் இல்லாத ஒருவரைக் கற்பனை செய்தால் இவரையும் சேர்த்து இழந்துவிடுவோம்.

மோட்ரிச் நாற்பது வயதிலும் மிலானில் ஆடினார். அது அதிசயம், வணங்க வேண்டியது. அதற்காக அதையே மற்றவர்களுக்கு அளவுகோல் ஆக்கக் கூடாது. நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டனின் கணுக்கால் போனபோது அவருக்கு 28 வயது, அதற்குப் பிறகு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 1988 யூரோ இறுதியாட்டத்தில் பந்து தரையைத் தொடும் முன்னே அவர் அடித்த அந்த வாலி அடியை யாராவது குறைத்துச் சொல்கிறார்களா? டி புருய்ன் சிட்டியில் 10 ஆண்டுகள், 6 லீக் பட்டங்கள். பிரீமியர் லீக்கில் மொத்தம் 119 அசிஸ்ட். ரையன் கிக்ஸைத் தவிர அவருக்கு மேல் யாரும் இல்லை. என் கணிப்பில் இந்த லீக் கண்ட மிகச் சிறந்த பாஸ்காரர் அவர்தான். உங்கள் நண்பர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை.

இனி உங்கள் முட்டி. "அதோடு சரி" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டீர்கள். கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அதுதான். நம் ஊர் மைதானங்களில் இதை நிறையப் பார்த்துவிட்டேன். முட்டி திருகிக்கொள்ளும், வீங்கும். எக்ஸ்ரே எடுப்பார்கள், எலும்பில் ஒன்றும் இல்லை என்பார்கள். தசைநார் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். முட்டைப்பத்து, எண்ணெய்க் கட்டு, ஒரு மாதம் படுக்கை. வீக்கம் வடிந்ததும் பையன் மறுபடி இறங்குவான். பந்தோடு திரும்பும்போது முட்டி தானாகக் கழன்று போகிற மாதிரி மடங்கும், அடுத்த சீசனில் அவன் கோட்டுக்கு வெளியே நிற்பான். டி புருய்னுக்குக் கிழிந்தால் சில நாட்களுக்குள் நிபுணர் முன்னால் இருக்கிறார். நமக்கு அது கிடைப்பதில்லை. அதனால் காயம்பட்டவன் கதை முடிந்தது என்று நாமே தீர்மானித்துவிடுகிறோம். உங்கள் நண்பர் டி புருய்னைக் கண்ணாடி என்று சொல்வதற்கும் இந்தப் பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். உங்களையும் அவர்கள் அப்படித்தான் எழுதி மூடியிருப்பார்கள். நீங்கள் அரசரடியில் ஆடிய ஆட்டங்கள் ஆடியவைதான், தம்பி. முட்டி இன்னும் மடங்குகிறது என்றால் எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் எம்ஆர்ஐ எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். திரும்ப ஆடுவதற்கு இல்லாவிட்டாலும் மாடிப்படி ஏறுவதற்காவது அந்த முட்டி நல்லபடியாக இருக்க வேண்டும்.

பையன்களுக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள். நார்டிக் பயிற்சி என்பார்கள். ஒருவன் மண்டியிட வேண்டும், இன்னொருவன் பின்னால் உட்கார்ந்து அவன் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டும். மண்டியிட்டவன் இடுப்பை வளைக்காமல் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாய வேண்டும். தாங்க முடியாதபோது கையை ஊன்றிக்கொள்ளலாம். தொடைத்தசை நீண்டுகொண்டே இறுக்கப் பழகுவது இதில்தான். முறையாகச் செய்கிற அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது என்று ஆய்வுகள் சொல்கின்றன. முதல் வாரம் ஐந்தைந்து போதும், அதற்கே தொடை வலிக்கும் என்று புலம்புவார்கள், விடாதீர்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், வாரம் இரண்டு நாள். உங்கள் பக்கம் கரிசல் தரை, வெயிலில் இறுகிப் பாளம் பாளமாக இருக்கும். முட்டிக்குக் கீழே சாக்கை நாலாக மடித்துப் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்