போர்ச்சுகலின் மதெய்ரா தீவில் கடற்பாறை ஓரமாக நடக்க அரை நாள்தான் இருக்கிறது என்றால் எங்கே போகலாம்?

தீவின் கிழக்கு நுனியான பொந்தா தெ சாவ் லொரென்சோவுக்குப் போங்கள். பாதையின் எண் பி.ஆர். 8. அப்ரா விரிகுடா வாகன நிறுத்தத்தில் தொடங்கும். போக 3 கிலோமீட்டர், திரும்பவும் அதே வழிதான். போய்வர இரண்டரை மணி நேரம் என்பார்கள். படம் எடுப்பவர்கள் மூன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதைக் கட்டணத்தை இணையத்தில் முன்கூட்டியே கட்டிவிடுங்கள்.

வடக்குப் பக்கம்தான் செங்குத்து. சிவந்த எரிமலைச் சாம்பல் படிவுகளைக் கிழித்துக்கொண்டு கறுப்புச் சுவர்கள் நிற்கும். விரிசல்களில் ஏறிய பாறைக்குழம்பு உள்ளேயே உறைந்தவை அவை. சாம்பல் மென்மையானது, அலையும் காற்றும் எளிதில் அரிக்கும், சுவர் மிஞ்சும். இதே காரணத்தால் விளிம்புக்கு அடியில் மண் குடைந்து போயிருக்கலாம். கம்பிவேலியைத் தாண்டிப் படம் எடுப்பது முட்டாள்தனம், வேறு சொல் இல்லை.

வழியில் மரமே கிடையாது. நிழல் என்றால் பாதை முடிவில் சார்தின்யா என்ற வீட்டருகே நிற்கும் ஈச்ச மரங்கள்தான். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். தொப்பிக்கு நாடா கட்டுங்கள், காற்று பிடுங்கிவிடும். பலர் சறுக்குவது ஏற்றத்தில் அல்ல, அந்த வீட்டுக்குப் பின்னாலுள்ள குன்றிலிருந்து இறங்கும்போது: உதிரிக் கற்கள். பிடிப்புள்ள அடிப்பாகம் உள்ள காலணி அவசியம். காலை ஒன்பதுக்கு முன் தொடங்கினால் கூட்டமும் வெயிலும் குறைவு. மலைப்பக்கம் மழை என்றாலும் இங்கே பெரும்பாலும் வறண்டே இருக்கும்.