கூமுட்டை கேள்வி பதில்: இன்குபேட்டருக்குள் முட்டை ஏன் அழுகுகிறது?

பதினோரு வருஷமாக இன்குபேட்டரில் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கிறேன். காடை பற்றிக் கேட்காதீர்கள், வளர்த்ததில்லை. மற்றதைக் கேளுங்கள்.

அக்கா, 16ஆம் நாள் ஒரு முட்டை பெட்டிக்குள்ளேயே வெடித்துவிட்டது. வீடே நாறுகிறது. மீதி முப்பதையும் கொட்டிவிடட்டுமா?

கொட்ட வேண்டாம் தம்பி. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சாறு தெறித்த முட்டைகளைக் கழித்துவிடுங்கள், மனசு கேட்காது, ஆனால் துடைத்தாலும் ஓட்டின் துளை வழியாகக் கிருமி உள்ளே போயிருக்கும், பிறகு அவையும் வெடிக்கலாம். மற்றதைத் துணி சுற்றி வைத்துவிட்டு, தட்டையும் அடிப்பாகத்தையும் துடைத்துக் காயவைத்து, அரை மணி நேரத்துக்குள் திரும்ப அடுக்குங்கள். அவ்வளவு நேரம் ஆறினால் கரு சாகாது, தாய்க்கோழியும் தீனிக்கு எழுந்து போகத்தானே செய்கிறது.

வெடிப்பதற்கு முன்பே அது காட்டிக்கொடுத்திருக்கும். ஓட்டின் மேல் வேர்வை மாதிரி பழுப்பு நிறத்தில் முத்து முத்தாகக் கசியும். மூடியைத் திறந்ததும் மூக்குக்குத் தெரியும். உள்ளே காற்று முட்டிக்கொண்டிருக்கும், அதனால் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கிற வேலை வேண்டாம். கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு மெல்ல எடுத்து, பையை அப்படியே திருப்பி முடிச்சுப் போடுங்கள்.

நான் ஒவ்வொரு முட்டையையும் கழுவித் துடைத்துத்தான் வைக்கிறேன். அப்படியும் அழுகுகிறது.

"அப்படியும்" இல்லை, அதனால்தான். ஓட்டின் மேல் இயற்கையாக ஒரு மெல்லிய பூச்சு உண்டு, கழுவினால் அது போய்விடும். பச்சைத் தண்ணீர் பட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, வெளி அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும். எச்சம் ஒட்டிய முட்டையைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டில் வைக்கோலை அடிக்கடி மாற்றினால் கழுவ வேண்டிய தேவையே வராது.

டார்ச் அடித்துப் பார்த்தால் என்ன தெரியும்?

7ஆம் நாள் இருட்டில் பாருங்கள். அகன்ற முனையில் டார்ச்சை ஒட்டிவைத்தால், நல்ல முட்டையில் சிலந்தி மாதிரி ஒரு புள்ளி, அதிலிருந்து நாலு பக்கமும் சிவப்பு நரம்பு. உற்றுப் பார்த்தால் புள்ளி அசையும். ஒன்றுமே இல்லாமல் மஞ்சளாகத் தெரிந்தால் கரு கூடாத முட்டை, அதற்குச் சேவலைக் கேளுங்கள், எட்டு பத்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும். நரம்பெல்லாம் மறைந்து, மோதிரம் போல ஒரு ரத்தக்கோடு மட்டும் நின்றால், கரு கூடி முதல் வாரத்திலேயே செத்தது. கழிக்க வேண்டியதை அன்றே கழித்துவிட வேண்டும், 14ஆம் நாள் இன்னொரு முறை. இந்த இரண்டு நாளையும் விட்டவர்கள்தான் வெடித்துவிட்டது என்று வருகிறார்கள்.

எந்த மெஷின் வாங்கலாம்?

37.5 டிகிரியில் நிற்கிற எதுவும். வெளியே காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள்.

இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடும் என்று என் அம்மா கூடையில் ஆணியும் அடுப்புக்கரியும் போடுவார்கள். இன்குபேட்டரிலும் போடலாமா?

போடாதீர்கள். உருட்டுகிற தட்டில் ஆணி உருண்டால் முட்டையில் மயிரிழை விரிசல் விழும், விரிசலில் கிருமி போகும், கூமுட்டையை நாமே செய்தது போல ஆகும்.

அக்கா, பெரியவர்களைக் கேலி செய்யாதீர்கள். ஆணி போட்ட கூடையில் எங்களுக்கு 12க்கு 11 பொரித்தது.

பக்கத்தில் ஆணி போடாத கூடை ஒன்று இருந்ததா?

இல்லை. ஆனால் இடி இடித்த வருஷம் பக்கத்து வீட்டில் எல்லாமே கூமுட்டை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பெரியவர்கள் பார்த்தது பொய் இல்லை, காரணம்தான் வேறு. இடி எப்போது இடிக்கிறது? சித்திரை, வைகாசி கோடை மழையில். கரு சுமார் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் தூங்கும். சித்திரையில் ஓட்டு வீட்டுக்குள் 35 டிகிரி, அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக விழித்து, வளரவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் பலவீனமாகிவிடும். அந்த முட்டையைப் பத்து நாள் சேர்த்துவைத்து அடை வைத்தால் முதல் வாரத்திலேயே போய்விடும். நடுவில் ஒரு இடி இடிக்கும், பழி அதன் மேல். நம் பெட்டிக்கு இடியால் வருவது கரண்ட் கட் மட்டும்தான். அப்போது மூடியைத் திறக்காமல், காற்றுத் துளையை விட்டுவிட்டுச் சாக்கைப் போர்த்துங்கள். இரண்டு மணி நேரம் தாங்கும்.

அதனால் கோடையில் முட்டையை வீட்டிலேயே குளிர்ந்த மூலையில், ஈர மணல் மேல் வைத்த பானையில், கூர்முனை கீழாக வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்காதீர்கள்.

எங்கள் ஊரில் காய்ந்த மிளகாயும் போடுவோம்.

சரி, ஆணி, கரி, மிளகாய் கதை இத்துடன் போதும்.

முட்டையை வெந்நீரில் கழுவலாமா?

கழுவ வேண்டாம். மேலே எழுதியிருக்கிறேன்.

21ஆம் நாள் ஆகிவிட்டது, ஒரு முட்டையில் மட்டும் ஓட்டை விழுந்திருக்கிறது. உடைத்து எடுக்கட்டுமா?

ஓட்டை போட்டதிலிருந்து 24 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். 18ஆம் நாளுக்குப் பிறகு உருட்டவும் கூடாது, மூடியைத் திறக்கவும் கூடாது. ஈரம் போனால் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும், முழுக்குஞ்சாக உள்ளேயே சாகும்.

எந்த மெஷின் நல்லது அக்கா?

மேலே பாருங்கள்.

கழித்த முட்டையை என்ன செய்வது?

7ஆம் நாள் கழித்த, கரு கூடாத, நாற்றமில்லாத முட்டையை வேகவைத்து நாய்க்குப் போடலாம். விற்காதீர்கள். அழுகியதை உடைக்காமல் தென்னை மரத்தடியில் இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள். நான் ஒரு அடிதான் தோண்டினேன், மறுநாள் காலையில் நாய் அதைக் கொண்டுவந்து வாசல் கோலத்தின் மேல் வைத்திருந்தது.