இடி விழுந்த பிறகு ஏசி ஓடவில்லை, ஸ்டெபிலைசர் இருந்தும் ஏன்?

பக்கத்துத் தென்னையில் இடி விழுந்ததிலிருந்து இன்வெர்ட்டர் ஏசி ஓடவில்லை என்கிறீர்கள். ஸ்டெபிலைசரைக் குறை சொல்லாதீர்கள். அது மின்னழுத்தத்தின் மெதுவான ஏற்ற இறக்கத்துக்கான பெட்டி. அதன் உள்ளே இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் மாற மில்லிசெகண்டுகள் ஆகும். மின்னல் அதிர்வு மைக்ரோசெகண்டுகளில் வேலையை முடித்துவிடும்.

கருகிய வாடை வந்தால் எதையும் போட்டுப் பார்க்க வேண்டாம். வாடை இல்லையென்றால் ஏசிக்கான எம்சிபியை (கோளாறு வந்தால் தானே விழும் சுவிட்ச்) ஒரே ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் உள்ளே ஷார்ட், அப்படியே விடுங்கள்.

உள் யூனிட்டில் விளக்கே எரியவில்லையா? அதன் சர்க்யூட் போர்டில் ஃபியூஸுக்குப் பக்கத்தில் பொத்தான் அளவில் ஒரு வட்டு இருக்கும், பெரும்பாலும் நீல நிறம். அதுதான் வேரிஸ்டர். அதிர்வைத் தான் வாங்கிக்கொண்டு ஃபியூஸை எரித்துவிடும். வெடித்துக் கறுத்திருந்தால் நல்ல செய்தி என்றே சொல்வேன்: பல நேரம் அந்த இரண்டையும் மாற்றினாலே போதும். மெக்கானிக் முழு போர்டுக்கு விலை சொல்வதற்கு முன் அவரை இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

காற்று வருகிறது, குளிரவில்லை, விளக்கு மட்டும் கண் சிமிட்டுகிறது என்றால் வெளி யூனிட் போர்டில் சந்தேகம். அதை நீங்கள் திறக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

அப்புறம், இடியில் கீசரும் பழுதாகி மின்சாரம் கசியலாம், அதையும் சோதித்துவிட்டுக் குளியுங்கள். வீட்டு மெயின் போர்டில் இப்படிப்பட்ட அதிர்வைத் தடுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் போடுவதாக இருந்தால் முதலில் எர்த்தைச் சரிபாருங்கள். எர்த் சரியில்லாமல் அது இருந்தும் பயனில்லை.